சுகர்-பிரஷர் ரூமில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: ரத்தக் கொதிப்பும் செவிலியர் வேலையும்

வண்ணாரப்பேட்டை, காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொற்றா நோய்ப் பிரிவு என்று போர்டு இருக்கும். ஜனங்கள் வாயில் அது ‘சுகர்-பிரஷர் ரூம்’. அங்கே ஓயாமல் காதில் விழும் சந்தேகங்கள்தான் இவை. நோயாளிகள் கேட்டது, வீட்டார் கேட்டது, புதிதாக வேலைக்கு வந்த சிஸ்டர்கள் கேட்டது எல்லாம் கலந்திருக்கிறது. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். அளவுகள் எல்லாம் மி.மீ. பாதரசத்தில்.

1. பிரஷர் எவ்வளவு இருந்தா நோய்னு அர்த்தம்? ஒரு தடவை 150 காட்டிட்டா மாத்திரை ஆரம்பிச்சுடணுமா?

மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90, இரண்டில் ஒன்று எட்டினாலே கணக்கில் வரும். ஆனால் ஒரே நாள் அளவை வைத்து முடிவு செய்வதில்லை. வெவ்வேறு நாட்களில் குறைந்தது இரண்டு முறை அப்படி இருக்க வேண்டும். இன்று 150 என்றால், ஓரிரு வாரத்துக்குள் மறுபடி வரச் சொல்வது அதனால்தான். 180/110-ஐத் தாண்டியவர்களுக்கும், ஏற்கெனவே இதயமோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டவர்களுக்கும் மருத்துவர் அன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது இருப்பது மேல் அளவு, தளரும்போது இருப்பது கீழ் அளவு. “கீழ் பிரஷர் நார்மல்தான், மேல்தான் கொஞ்சம் ஜாஸ்தி” என்று பெரியவர்கள் தேற்றிக்கொள்வதைக் கேட்கிறோம். 50 வயதுக்கு மேல் பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் அதிகம் வழிவிடுவது அந்த மேல் அளவுதான்.

2. டாக்டர்தானே மாத்திரை எழுதுறாரு, அப்புறம் சிஸ்டர் எதுக்கு இத்தனை கேள்வி கேக்குறாங்க?

மருந்தைத் தேர்ந்தெடுப்பது, கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது மருத்துவர் பொறுப்பு. செவிலியர் தானாக டோஸை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. ஆனால் மருத்துவர் எதை வைத்து முடிவெடுக்கிறார்? நோட்டில் சிஸ்டர் எழுதிய எண்ணை வைத்துத்தான். அந்த எண் தப்பாக இருந்தால் தேவையில்லாத மாத்திரை ஏறும், அல்லது தேவையான மாத்திரை கிடைக்காமல் போகும்.

30 வயது தாண்டி எந்தக் காரணத்துக்கு வந்தவருக்கும் பிரஷர் பார்ப்பது, சரியாக அளப்பது, மாத்திரை உள்ளே போகிறதா என்று கண்டுபிடிப்பது, பக்கவிளைவை முதலில் கேட்டறிவது, தேதிக்கு வராதவரைத் தேடுவது, வருஷத்துக்கு ஒரு தடவையாவது கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், சர்க்கரை, ஈ.சி.ஜி., கண் பரிசோதனை விட்டுப்போகாமல் பார்ப்பது எல்லாம் செவிலியர் கையில் இருக்கிறது. 5 ஆகஸ்ட் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் அளவில் ஏதாவது இடித்தால் அதைப் பிடித்து மருத்துவரிடம் அனுப்புவதும் செவிலியர் வேலைதான்.

3. இங்க 156ங்கிறீங்க, நேத்து பக்கத்து கிளினிக்ல 132ன்னாங்க. யார் சொல்றது உண்மை?

இரண்டும் உண்மையாக இருக்கலாம், இரண்டும் தப்பாகவும் இருக்கலாம். பிரஷர் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். அதனால்தான் அளக்கும் முறை ஒன்றாக இருக்க வேண்டும். பஸ் விட்டு இறங்கி, படியேறி, வரிசையில் சண்டை போட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்ததும் கையில் பட்டையைச் சுற்றினால் வருவது உங்கள் பிரஷர் இல்லை, அந்தக் காலை நேரத்தின் பிரஷர்.

சரியான முறை இது. அளப்பதற்கு முன் அரை மணி நேரம் டீ, காபி, பீடி, சிகரெட், ஹான்ஸ், மாவா எதுவும் கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டு வரணும். அடக்கிக்கொண்டிருந்தால் 10 வரை கூட ஏறும். முதுகு சாய்கிற நாற்காலியில் 5 நிமிஷம் சும்மா உட்காரணும். ஸ்டூலில் உட்காரவைப்பது சரியில்லை. இரண்டு பாதமும் தரையில் பதியணும், கால் மேல் கால் போடக் கூடாது. கை மேஜை மேல், பட்டை இதயத்தின் உயரத்தில் இருக்கணும். கையை அந்தரத்தில் தொங்கவிட்டால் அளவு கூடும். நோயாளியே கையைத் தூக்கிப் பிடித்தாலும் கூடும். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே. அளக்கும்போது இரண்டு பேருமே பேசக் கூடாது.

கடைசி விதிதான் அதிகம் மீறப்படுவது. காற்று ஏறிக்கொண்டிருக்கும்போதே “மாத்திரை சாப்டீங்களா, பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா” என்று கேட்டால் நோயாளி பதில் சொல்லாமல் இருப்பாரா? கேள்வியை எல்லாம் பட்டையைக் கழற்றிய பிறகு வைத்துக்கொள்ளலாம். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை அளந்து சராசரி எடுக்கணும். இரண்டுக்கும் இடையே 10-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூன்றாவது முறையும் அளந்து, கடைசி இரண்டின் சராசரியை எழுதணும்.

4. ஜாக்கெட் கையைச் சுருட்டி மேலே ஏத்தினா போதாதா?

போதாது. இறுக்கமான ஜாக்கெட் கையை மேலே சுருட்டினால் அது கயிறு மாதிரி கையை நெரித்து ரத்த ஓட்டத்தையே மாற்றிவிடும். துணிக்கு மேல் பட்டை சுற்றினாலும் அளவு நம்பகமாக வராது. பரிசோதனை நாளில் தளர்ந்த கை வைத்த உடுப்போ நைட்டியோ போட்டு வந்தால் பாதி தொல்லை தீர்ந்தது. இல்லையென்றால் திரைக்குப் பின்னால் ஒரு கையைக் கழற்றச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தத் திரையைக் கட்டிவைப்பது சிஸ்டரின் பொறுப்பு.

பட்டையின் அளவு இன்னும் முக்கியம். தோள் முனைக்கும் முழங்கைக்கும் நடுவே டேப் வைத்துச் சுற்றளவு பாருங்கள். 27 முதல் 34 செ.மீ. வரை வழக்கமான பெரியவர் கஃப், 35 முதல் 44 வரை பெரிய கஃப், 22 முதல் 26 வரை சிறியது. உள்ளே இருக்கும் ரப்பர் பை கையின் சுற்றளவில் 80 சதவீதத்தை மூட வேண்டும். ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர்கள், ஐஸ் பெட்டி இழுக்கிறவர்கள் கையில் வழக்கமான கஃப் சின்னதாகிவிடும். அப்போது பிரஷர் இல்லாதவருக்கும் இருப்பதாகக் காட்டும். மெலிந்த பாட்டிக்குப் பெரிய கஃப் போட்டால் இதற்கு நேர்மாறு. ரூமில் ஒரே ஒரு கஃப்தான் இருக்கிறது என்றால் பெரிய கஃப் கேட்டு இன்டென்ட் போடுங்கள். அதுவரை நோட்டில் ‘கஃப் சிறியது’ என்றாவது எழுதுங்கள்.

5. நான் புதுசா சேர்ந்த சிஸ்டர். ஸ்டெத் வச்சுப் பாக்கறப்போ எனக்கும் சீனியருக்கும் வேற வேற அளவு வருதே, எங்க தப்பு?

பெரும்பாலும் மூன்று இடங்களில். ஒன்று, நாடி பார்க்காமல் நேராக ஸ்டெத் வைப்பது. முதலில் மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றடியுங்கள். நாடி மறையும் அளவைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டு, சிறிது பொறுத்து, அதற்கு 30 மேலே ஏற்றி ஸ்டெத்தால் கேளுங்கள். சிலருக்குச் சத்தம் நடுவில் மறைந்து மறுபடி வரும். நாடி பார்க்காதவர் இரண்டாவதாக வந்த சத்தத்தை மேல் அளவு என்று எழுதிவிடுவார். 190 இருப்பவர் 150 ஆகிவிடுவார்.

இரண்டு, காற்றை வேகமாக இறக்குவது. நொடிக்கு 2 மி.மீ. என்ற கணக்கில் இறக்க வேண்டும். கூட்டம் நிற்கும்போது சர்ரென்று விட்டால் மேல் அளவு குறைவாகவும் கீழ் அளவு கூடுதலாகவும் பதிவாகும். சத்தம் முதலில் கேட்கும் இடம் மேல் அளவு, அறவே நிற்கும் இடம் கீழ் அளவு.

மூன்றாவது, முழு எண்ணாக்கும் பழக்கம். நோட்டைப் புரட்டினால் 130/80, 140/90, 130/80 என்றே வரிசையாக இருந்தால் அங்கே யாரோ கணக்கை அடித்துவிடுகிறார்கள் என்று அர்த்தம். 138 என்றால் 138. 140 என்று எழுதினால் மாத்திரை கூடலாம், 130 என்று எழுதினால் கூடாமல் போகலாம். முள் வைத்த கருவியில் காற்றில்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று தினமும் காலையில் பாருங்கள். நிற்கவில்லை என்றால் அதை ஓரம் கட்டுங்கள்.

6. வீட்டுல வச்சுப் பாக்க மெஷின் வாங்கலாமா? எதை வாங்கறது?

வாங்கலாம், மேல் கையில் சுற்றும் வகை. மணிக்கட்டில் கட்டுவது கை வைக்கும் உயரத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். விரலில் மாட்டுவது வேண்டவே வேண்டாம். பட்டையில் எத்தனை செ.மீ. கைக்கு என்று அச்சிட்டிருப்பார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள் (4-ஆம் பதில்). வாங்கியதும் மெஷினை எடுத்துக்கொண்டு வாருங்கள். எங்கள் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

மருத்துவரைப் பார்க்கும் முன் 7 நாள், காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, ராத்திரி படுக்கும் முன் இரண்டு முறை அளந்து எழுதுங்கள். முதல் நாள் அளவை விட்டுவிட்டு மற்றதன் சராசரி பார்க்கப்படும். வீட்டுக் கணக்கில் வரம்பு 135/85. ஆஸ்பத்திரியில் மட்டும் ஏறி வீட்டில் சரியாக இருப்பவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் சரியாக இருந்து வேலையிடத்தில் ஏறுகிறவர்களும் உண்டு. அவர்கள்தான் ஆபத்தான ரகம், ஏனென்றால் யாருக்கும் தெரியாது. அதற்காக ஒரு நாளில் பத்து முறை அளந்து, பயந்து, பயத்திலேயே ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

7. எனக்குத் தலைவலி இல்ல, மயக்கம் இல்ல. நல்லா இருக்கறவனுக்கு எதுக்கு மாத்திரை? இப்ப நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திடலாமா?

பிரஷருக்கு அறிகுறி இருக்கும் என்பது தவறான நம்பிக்கை. 170-ஐ வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர்கள் ஏராளம். அது இதயத்தையும் சிறுநீரகத்தையும் கண்ணையும் மூளை நரம்புகளையும் சத்தமில்லாமல் கெடுக்கும். தலைவலி வந்த அன்று மட்டும் மாத்திரை போடுவது ஒன்றும் போடாததற்குச் சமம்.

நார்மல் ஆனது மாத்திரையால். நிறுத்தினால் சில நாளிலோ சில வாரத்திலோ பழைய இடத்துக்கே போய்விடும். அட்டினலால், குளோனிடின் மாதிரி மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் முன்னைவிட மேலே எகிறும், நெஞ்சுவலிகூட வரலாம். எடை குறைந்து, உப்பு குறைந்து, பல மாதம் அளவு தாழ்வாகவே இருந்தால் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். அந்த முடிவுக்கு நோட்டில் உள்ள எண்கள் வேண்டும், அதனால் வருவதை நிறுத்த வேண்டாம்.

8. போன மாசம் மஞ்சள் அட்டை, இந்த மாசம் வெள்ளி அட்டை. ரெண்டும் ஒண்ணா?

அட்டையின் பின்னால் உள்ள மருந்துப் பெயரும் மில்லிகிராமும் ஒன்றாக இருந்தால் ஒன்றுதான். அரசு மருத்துவமனைகளுக்குத் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் வாங்கி அனுப்புகிறது. தயாரிக்கும் கம்பெனி மாறினால் அட்டையின் நிறமும் மாத்திரையின் உருவமும் மாறும். இதில் நடக்கும் தப்பு: பழைய அட்டையில் மீதி இருப்பதையும் புதியதையும் வெவ்வேறு மருந்து என்று நினைத்துச் சேர்த்துப் போட்டு, மயங்கி விழுவது. கொடுக்கும்போதே பழைய அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்துக் காட்டுவது சிஸ்டரின் கடமை. படிக்கத் தெரியாதவருக்கு அட்டையில் பேனாவால் சூரியனோ நிலாவோ வரைந்து கொடுங்கள்.

ஒரு வேளை மறந்தால், அதே நாளில் நினைவு வந்ததும் போடலாம். மறுநாள்தான் நினைவு வந்தால் அன்றைய மாத்திரை மட்டும்; இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. புருஷன் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று பெண்டாட்டி மாத்திரையைப் பங்கு போடுவதும் வேண்டாம். இரண்டு பேருக்கும் ஒரே மருந்து என்றாலும், மாசக் கடைசியில் இரண்டு பேருக்கும் இல்லாமல் போகும்.

9. மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து கணுக்கால் வீங்குது. வேற ஒருத்தருக்கு வறட்டு இருமல். இது மாத்திரையாலயா?

இருக்கலாம். அம்லோடிபின் கணுக்கால் வீக்கம் தரும், டோஸ் கூடினால் அதிகம் வரும். சிலருக்கு ஈறும் தடிக்கும். எனாலாப்ரில் வறட்டு இருமல் தரும். சிறுநீர் போகவைக்கும் மாத்திரை சோடியத்தையும் பொட்டாசியத்தையும் குறைக்கலாம். டெல்மிசார்டன் பொட்டாசியத்தைக் கூட்டலாம், அதனால் ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு.

ஆனால் கால் வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலோ, படுத்தால் இருமி எழுந்தாலோ, முகம் வீங்கினாலோ மாத்திரை மேல் பழி போட்டு உட்காரக் கூடாது. இதயம், சிறுநீரகம் பார்க்க வேண்டும். எனாலாப்ரில் போட்டு உதடோ நாக்கோ வீங்கினால் அது அவசரம், நேராக ஆஸ்பத்திரி.

10. உப்பு கம்மி பண்ணுன்னா எவ்வளவு? மீன் குழம்புல உப்பு இல்லன்னா எப்படிச் சாப்புடறது?

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூன். சமையல், ஊறுகாய், பிஸ்கட், கடைத் தீனி எல்லாம் சேர்த்து. ‘கம்மியாத்தான் போடுறோம்’ என்று எல்லாரும் சொல்வார்கள், அதனால் பாக்கெட்டைக் கணக்கெடுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் 1 கிலோ உப்பு குறைந்தது 50 நாள் வர வேண்டும். பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள். 25 நாளில் தீர்ந்தால் இரட்டிப்பாகப் போகிறது. காசிமேடு பக்கம் இந்தக் கணக்கில் ஒரு சிக்கல்: மீன் கழுவக் கல் உப்பை அள்ளிப் போடுவார்கள். கழுவும் உப்பைத் தனி டப்பாவில் வைத்தால்தான் கணக்கு நிற்கும். கல் உப்பு, இந்துப்பு எதுவானாலும் சோடியம்தான். பிரஷருக்கு நல்லது என்று விற்பதை நம்ப வேண்டாம்.

பச்சை மீன் பிரச்சினையே இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம். வில்லன் கருவாடு. வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசினால் உப்பு ஓரளவு போகும், முழுக்கப் போகாது. குழம்பில் வேறு உப்பு சேர்க்காமல், எப்போதாவது ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆடி மாசக் கூழ் கெடுதல் இல்லை. கூடவே வரும் கருவாட்டுக் குழம்பும் மோர் மிளகாயும்தான் அளவை ஏற்றும். அத்தோ (பர்மா நூடுல்ஸ்), ஃபிரைட் ரைஸில் உப்போடு அஜினமோட்டோவும் சேரும், அதிலும் சோடியம் உண்டு. குழம்பில் புளி, பூண்டு, மிளகு, எலுமிச்சை கூட்டி உப்பைக் கால்வாசி குறைத்துப் பாருங்கள். சில வாரத்தில் நாக்கு பழகிவிடும். சோறு வடிக்கும்போது உப்பு போடும் வழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் கிடைப்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டன், எனாலாப்ரில் போடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

11. வூட்டுக்காரர் போட்ல போனா பத்து நாள் ஆகும். இன்னொருத்தர் கன்டெய்னர் லாரி, நைட் முழுக்க முழிப்பு. மாத்திரையை எப்படிப் போடறது?

கடலுக்குப் போகிறவர் புறப்படும் முன்பே சிஸ்டரிடம் சொல்லி, திரும்பும் தேதிக்கு மேல் ஒரு வாரத்துக்கான மாத்திரை கையிருப்பு வைத்துக்கொள்ள வேண்டும். காற்று மாறினால் திரும்புவது தள்ளிப்போகும். மாத்திரையை அட்டையிலிருந்து பிரிக்காமல், மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். சிறுநீர் மாத்திரை போடுகிறவர் வெயிலில் வேர்த்து, வாந்தியும் எடுத்தால் பிரஷர் அதிகமாக இறங்கி மயக்கம் வரும். அப்படிப்பட்ட நாளில் என்ன செய்வது என்று போகும் முன்பே மருத்துவரிடம் கேட்டு நோட்டில் எழுதி வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் இருக்கும் அந்த நாட்களில் ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., கண் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். அந்தப் பகுதி சிஸ்டர்கள் பட்டியலைத் தயாராக வைத்திருந்தால் நல்லது.

இரவு வண்டி ஓட்டுகிறவருக்குக் கடிகாரத்தைவிட ஒழுங்குதான் முக்கியம். காலையானாலும் மாலையானாலும் தூங்கி எழுந்து பல் துலக்கியதும் மாத்திரை என்று வைத்துக்கொள்ளலாம். அம்லோடிபின் உடம்பில் ஒரு நாளுக்கு மேல் நிற்கும், இரண்டு மூன்று மணி நேரம் முன்பின் ஆனால் குடி முழுகாது. சிறுநீர் மாத்திரையை மட்டும் வண்டி எடுக்கும் முன் போட வேண்டாம்.

12. ரம்ஜான் நோன்பு வைக்கறப்போ?

பிரஷர் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்கள் நோன்பு வைக்கலாம். ஒரு வேளை மாத்திரைக்காரருக்குச் சஹர் அல்லது இஃப்தார் என்று நேரத்தை மாற்றினால் போதும். இரண்டு வேளைக்காரருக்கு மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். அதனால் நோன்பு தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போதே வாருங்கள். சிறுநீர் மாத்திரை இஃப்தாருக்குப் பிறகு. நோன்புக் கஞ்சியோடு சமோசா, வடை, ஊறுகாய் என்று போனால் 10-ஆம் பதில் காற்றில் போகும். விரத நாளில் மாத்திரையையும் சேர்த்துப் பட்டினி போடும் பழக்கம் மற்றவர்களிடமும் உண்டு. ஒரு மிடறு தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம்.

13. உடம்பு வலிக்கு மெடிக்கல்ல வாங்கற மாத்திரை, நாட்டு மருந்து, ராத்திரி ஒரு குவார்ட்டர்: இதெல்லாம் பிரஷரை ஏத்துமா?

மூன்றுமே ஏற்றும். டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். டெல்மிசார்டன், சிறுநீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒன்று சேர்ந்தால் சிறுநீரகம் அடிபடும். கூடை தூக்கும் அம்மாக்களிடம் ‘பேர் தெரியாத சிவப்பு மாத்திரை’ கட்டாயம் இருக்கும். பையைக் கொட்டிக் காட்டச் சொல்லுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் பரவாயில்லை. சளிக்கு மூக்கடைப்பு மாத்திரை, நுரைத்து வரும் செரிமானப் பொடி, கருத்தடை மாத்திரை, ஸ்டீராய்டு இவற்றையும் கேட்டறிய வேண்டும்.

நாட்டு மருந்தில் முக்கியமாக அதிமதுரம். தொண்டைக்கு நல்லது என்று நாள்தோறும் கஷாயம் வைத்தால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். குடியைப் பற்றி: தினம் ஒரு குவார்ட்டர் பிரஷரை நிரந்தரமாக மேலே வைத்திருக்கும். ஆனால் வருஷக்கணக்கில் தினம் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம்; மருத்துவர் துணையோடு நிறுத்தட்டும்.

14. திடீர்னு 190/120 காட்டுது. நாக்குக்கு அடியில வைக்கற மாத்திரை குடுத்து இறக்கிடலாமா?

வேண்டாம். மடமடவென்று இறக்கினால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல், தடுக்க நினைத்த பக்கவாதமே வந்துவிடும். நிஃபெடிபின் கேப்ஸ்யூலைக் குத்தி நாக்கடியில் விடும் பழைய வழக்கத்தை அதனால்தான் கைவிட்டார்கள்.

எண்ணைவிட முதலில் ஆளைப் பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், கை கால் ஒரு பக்கம் விழுதல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி, குழப்பம், வலிப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் 108. ஸ்டான்லி மாதிரி சி.டி. ஸ்கேன் உள்ள பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு. ஆகவே கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று எழுதி அனுப்புங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ சோடாவோ கொடுக்கக் கூடாது, புரையேறும்.

அறிகுறி எதுவும் இல்லையென்றால் அமைதியான இடத்தில் அரை மணி நேரம் உட்காரவைத்து, 3-ஆம் பதிலில் சொன்ன முறையில் மறுபடி அளக்கவும். பலருக்கு இறங்கியிருக்கும். இறங்காவிட்டால் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். விசாரித்தால் பெரும்பாலும் கதை ஒன்றுதான்: மாத்திரை தீர்ந்து பத்து நாள் ஆகியிருக்கும்.

15. கர்ப்பமா இருக்கறப்போ பிரஷர் 140. முன்னாடி இருந்த மாத்திரையையே போடலாமா?

டெல்மிசார்டன், எனாலாப்ரில் வகை குழந்தையைப் பாதிக்கும். கர்ப்பம் என்று தெரிந்த அன்றே, முடிந்தால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா போன்றவை கர்ப்ப காலத்தில் தரப்படுபவை. 20 வாரத்துக்குப் பிறகு 140/90 எட்டினால் ஒவ்வொரு வருகையிலும் சிறுநீரில் புரதம் பார்க்கணும். தலைவலி, கண்ணில் பூச்சி பறத்தல், மேல் வயிற்று வலி, முகவீக்கம் வந்தால் தாமதிக்கக் கூடாது. 160/110 எட்டினால் அறிகுறி இல்லாவிட்டாலும் அவசரம். ராயபுரம் அரசு ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை போன்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

சிஸ்டர்களுக்கு: வலிப்பு வராமல் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் ஓடும் தாய்க்கு அடுத்த டோஸுக்கு முன் முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிஷத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.க்குக் குறையாமல் வருகிறதா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். அதற்கு முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் பக்கத்திலேயே இருக்கணும். பிரசவம் ஆன முதல் வாரத்திலும் பிரஷர் ஏறும். வீட்டுக்குப் போனதும் கவலை விட்டது என்று நினைக்க வேண்டாம்.

16. மூணு மாத்திரை போடறாரு, இன்னும் 160தான். டாக்டர்கிட்ட நாலாவது கேக்கலாமா சிஸ்டர்?

நாலாவதுக்கு முன் பழைய மூன்றும் வயிற்றுக்குள் போகிறதா என்று பாருங்கள். “மாத்திரை போடுறீங்களா?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். “இந்த வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?” என்று கேட்டுப் பாருங்கள், உண்மை வரும். 30 மாத்திரை கொடுத்து 30-ஆம் நாள் 11 மீதி இருந்தால் கணக்கே பேசும். திட்டினால் அடுத்த மாசம் அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார். திட்டாமல் ஏன் என்று கேளுங்கள். வேலைக்கு லீவு கிடைக்காதது, சிறுநீர் மாத்திரையால் வேலையிடத்தில் கழிப்பறைக்கு அலைய முடியாதது, வீட்டைக் காலி செய்து பெரும்பாக்கம் போனது என்று உண்மையான காரணங்கள் இருக்கும். குடிபெயர்கிறவர் நோட்டோடு புது இடத்துச் சுகாதார நிலையத்தில் பதிந்துகொண்டால் மருந்து தொடரும்.

அடுத்து கஃப் அளவு (4), வலி மாத்திரை, குடி (13), உப்பு (10). பிறகு, பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் உண்டா என்று வீட்டாரைக் கேளுங்கள், தூக்கத்தில் மூச்சு நிற்பதும் பிரஷரை ஏற்றும். இதெல்லாம் சரி என்றால் மருத்துவர் சிறுநீரகம், சுரப்பிகள் பக்கம் தேடுவார்.

17. தாத்தாவுக்கு உக்காந்தா 150, எழுந்து நின்னா தலை சுத்துது. கூட்டறதா குறைக்கறதா?

முதலில் நிற்கவைத்து அளக்கணும். ஐந்து நிமிஷம் உட்கார்ந்த அளவு, பிறகு எழுந்து 1 நிமிஷத்திலும் 3 நிமிஷத்திலும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அதை நோட்டில் தனியாகக் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோய் நரம்பைப் பாதித்தவர்களிடமும், புரோஸ்டேட் மாத்திரை போடுகிறவர்களிடமும் இது அதிகம். ராத்திரி சிறுநீர் கழிக்க எழும்போது கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, பிறகு எழச் சொல்லுங்கள். இடுப்பு எலும்பு முறிந்தால் பிரஷரைவிடப் பெரிய தொல்லை.

18. நாடி தாறுமாறா அடிக்குது, மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒரு எண் சொல்லுது. ரெண்டு கையிலயும் வேற வேற வருது. எதை எழுதறது?

நாடி ஒழுங்கில்லாதவருக்குத் தானியங்கி மெஷினை நம்ப முடியாது. ஸ்டெத் வைத்து மூன்று முறை அளந்து சராசரி எழுதி, ஈ.சி.ஜி.க்கு அனுப்புங்கள், இதயத் துடிப்புக் கோளாறே பக்கவாதத்துக்கு ஒரு காரணம்.

முதல் வருகையில் இரண்டு கையிலும் பார்ப்பது வழக்கம். எந்தக் கையில் அதிகமோ அந்தக் கையையே அப்புறம் எப்போதும் பயன்படுத்தணும். ‘வலது’ என்றோ ‘இடது’ என்றோ நோட்டில் எழுதாவிட்டால் அடுத்த சிஸ்டருக்குத் தெரியாது. மேல் அளவில் 15-க்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் ரத்தக்குழாய் அடைப்பு இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய் இணைப்பு) வைத்த கையில் ஒருபோதும் பட்டை சுற்றக் கூடாது, அடைத்துக்கொள்ளும். மார்பக அறுவை செய்து அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கத்துக் கையையும், டிரிப்ஸ் ஓடும் கையையும் தவிர்க்கணும். இப்படிப்பட்டவர்களின் நோட்டு அட்டையில் ‘இந்தக் கையில் பிரஷர் பார்க்க வேண்டாம்’ என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். தன்னார்வலர் வீட்டுக்குப் போனாலும் அவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.